நடக்காத காலின் எலும்பு

முதுகுத்தண்டில் அடிபட்ட ஒருவர் இருக்கிற வீடு என்று தெரிந்துவிட்டால் யார் யாரோ நம்பர் வாங்கிக் கூப்பிடுவார்கள். உடுமலையிலிருந்து, தாராபுரத்திலிருந்து, கம்பத்திலிருந்துகூட. படுக்கைப் புண்ணுக்கு என்ன செய்தீர்கள், யூரின் ட்யூப்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள், தம்பிக்குக் காலில் அசைவு ஏதாவது வந்ததா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். எலும்பைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாததும் நியாயம்தான். எலும்பு கரைவது வலிக்காது, வெளியேயும் தெரியாது. அதனால் நானே பேச்சை அந்தப் பக்கம் திருப்புகிறேன். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், மருத்துவர் கிடையாது. தம்பியைப் பார்த்துக்கொண்டதிலும், அவனுடைய டாக்டர்களை விடாமல் கேள்வி கேட்டதிலும், கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்ததிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் கேள்வியை நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தம்பி விழுந்தது எங்கள் தோப்பில், தென்னை மரத்திலிருந்து. பொள்ளாச்சிப் பக்கம் இது புதிய கதை இல்லை, எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார். டி10 என்கிற, முதுகின் நடுவில் இருக்கும் முள்ளெலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே அசைவும் போய்விட்டது, உணர்ச்சியும் போய்விட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று இருக்கிறது, மலச்சிக்கலுக்கு மருந்து இருக்கிறது, பிசியோதெரபி என்று ஒரு வரி இருக்கிறது. எலும்பு அடர்த்தி பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதற்கப்புறம் போன செக்கப்புகளிலும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். ஏனென்றால் எலும்பு மிக வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது சரியாக அந்த மாதங்களில்தான்.

எலும்பு ஒருமுறை உருவானதும் அப்படியே நின்றுவிடுகிற பொருள் கிடையாது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்கிற செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டும். எங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்வது எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அந்த வளைவை இந்தச் செல்கள் உணர்கின்றன. வளைவு நின்றுபோனால் ஸ்க்ளீரோஸ்டின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அது கட்டுகிற வேலையை அடக்கிவிடுகிறது. கரைக்கிற வேலையோ இன்னும் வேகம் பிடிக்கிறது. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருக்கும். அதுவும் இதே விதிதான், எதிர்த்திசையில்.

எவ்வளவு வேகம் என்று தெரிந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வருஷத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறையும். தண்டுவடம் முழுமையாக அடிபட்டவர்களுக்குக் கால் எலும்பில் ஆரம்ப மாதங்களில் 2 முதல் 4 சதவீதம் குறைகிறது. வருஷத்துக்கு அல்ல, மாதத்துக்கு. இரண்டு மூன்று வருஷத்தில் முழங்காலை ஒட்டிய பகுதியில் உள் எலும்பு பாதிக்குப் பாதி போய்விடும் அளவுக்கு வருகிறது.

முழங்கால்தான் முதலில் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. தொடை எலும்பின் நடுத்தண்டு கெட்டியான சுவர். முனைகள் அப்படி இல்லை. எலும்பு முனையின் உள்பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயை வகுப்புக்குக் கொண்டுபோவேன். தோலை உரித்தால் உள்ளே நாரும் இடைவெளியுமாக இருக்கும் அல்லவா, கிட்டத்தட்ட அந்த அமைப்பு. இடைவெளி அதிகம் என்றால் மேற்பரப்பு அதிகம், கரைக்கிற செல்கள் உட்கார இடமும் அதிகம். ஒவ்வொரு நாராக அறுந்துகொண்டே போகும். அறுந்த நாரை அதே இடத்தில் மறுபடி இழுத்துக் கட்ட உடம்புக்குத் தெரியாது. மிச்சமிருக்கிற நாரைத் தடிமனாக்க மட்டும்தான் முடியும். அதனால்தான் போகாமல் காப்பதும், போனபின் சேர்ப்பதும் ஒன்றாகாது.

தம்பி விழுந்து இரண்டு வருஷம் தாண்டியிருந்த சமயம். ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது வலது பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவன் கீழே விழவும் இல்லை, எங்கேயும் இடித்துக்கொள்ளவும் இல்லை. பாதத்தை எடுத்துவிட்டு டீ குடித்தான், லேப்டாப்பில் வேலை பார்த்தான். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தக் காலு மட்டும் சூடா இருக்குது, தொட்டுப் பாரு" என்றான். அவனுக்குக் காலில் உணர்ச்சி இல்லை. கையை வைத்துப் பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது. முழங்காலுக்குச் சற்று மேலே தோல் இழுத்துக் கட்டினாற்போலப் பளபளப்பாக இருந்தது. இரண்டு தொடையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வலது பக்கம் நன்றாகவே பருத்திருந்தது. அன்று காலில் துடிப்பும், அதாவது தசை தானாகவே வெட்டி இழுப்பதும், வழக்கத்தைவிட அதிகம். சாயந்திரம் லேசாகக் காய்ச்சல்.

ரத்தம் உறைந்திருக்கலாம் என்று முதலில் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தார்கள். சரியான சந்தேகம்தான், இவர்களுக்கு அது அடிக்கடி வருவது. உறைதல் இல்லை என்றானதும் எக்ஸ்ரே. தொடை எலும்பின் கீழ்முனை உடைந்திருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடைந்த கோட்டைவிட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அதைச் சுற்றி இருந்த எலும்பின் நிறம். வெள்ளையாகத் தெரிய வேண்டியது சாம்பல் நிறத்தில், பின்னால் இருக்கும் விரல் தெரிகிற மாதிரி இருந்தது.

உணர்ச்சி இல்லாத காலுக்கு இறுக்கமான மாவுக்கட்டு போடக் கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். உள்ளே அழுத்திப் புண்ணானால் நோயாளிக்குத் தெரியாது. மெத்தென்று பஞ்சு வைத்த, கழற்றி மாட்டக்கூடிய ஸ்ப்ளின்ட் போட்டு, தினமும் கழற்றித் தோலைப் பார்க்கச் சொன்னார்கள். கூடியது, மெதுவாக.

அந்த நேரத்தில்தான் ஒரு மறுவாழ்வு மருத்துவரைப் பார்த்தோம். பி.எம்.ஆர். (பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிடேஷன்) என்று போட்டிருப்பார்கள். இப்படி ஒரு துறை இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. நம் நாட்டில் அது வேர்பிடித்த இடம் வேலூர் சி.எம்.சி. 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அங்கே இந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்த கையோடு, ஆறு மாதம் ஒரு வருஷம் என்று தள்ளிப் போடாமல், இந்தத் துறை டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் பார்த்த மறுவாழ்வு மருத்துவர் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பு அடர்த்தியை அளக்கிற ஸ்கேன் அது. ரிப்போர்ட்டில் முதுகெலும்பு நார்மல் என்று வந்தது. நாங்கள் நிம்மதியடைவதற்குள் அவர் சொன்னார்: தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு முதுகெலும்பு பெரும்பாலும் நன்றாகவே காட்டும், உட்கார்ந்திருப்பதால் அதன் மேல் எடை விழுகிறது, போதாததற்கு ராடு வேறு உள்ளே இருக்கிறது. பார்க்க வேண்டியது இடுப்பையும், வசதி இருந்தால் முழங்காலுக்கு மேலும் கீழும். தம்பியின் இடுப்பு எலும்பு அவன் வயசுக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பவே கீழே இருந்தது. ஸ்கேனுக்குப் போகும்போது எந்த இடத்தை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

மருந்துக்கு வருகிறேன். முக்கியமானது பிஸ்பாஸ்போனேட் என்கிற குடும்பம். எலும்பின் தாதுவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்டியோகிளாஸ்ட் அந்த எலும்பைக் கரைக்கும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கி முடங்கிவிடும். மாத்திரையாக வருவது அலெண்ட்ரோனேட், வாரம் ஒன்று, 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். டீ, காபி, பால் எதோடும் சேராது. விழுங்கியபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், சாய்ந்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு இது கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அடிபட்ட புதிதில் நிமிர்த்தினாலே பிரஷர் இறங்கி மயக்கம் வரும், அப்போது இது எப்படி ஆகும்? அதனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜோலட்ரோனிக் ஆசிட் ட்ரிப்தான் இவர்களுக்கு வசதி. 5 மில்லிகிராம், வருஷத்துக்கு ஒருமுறை. முன்கூட்டி வைட்டமின் டி, கால்சியம், கிட்னி மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது இதைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். தம்பிக்கும் குறைவாகத்தான் இருந்தது, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் போட்டார்கள்.

முதல் ட்ரிப் போட்ட அடுத்த நாள் நல்ல காய்ச்சல், உடம்பு வலி. அம்மா பயந்தே போய்விட்டார். முதல் தடவை நிறையப் பேருக்கு இப்படி வரும், பாராசிட்டமால் போதும், மூன்று நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் சமாளித்தோம். அடுத்த வருஷம் ஒன்றுமே தெரியவில்லை.

அடிபட்ட ஆரம்பத்திலேயே இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இடுப்பு எலும்பு நன்றாகவே தப்பித்திருக்கிறது. முழங்கால் பக்கம் எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. டெனோசுமாப் என்ற ஊசி முழங்காலையும் காப்பதாகக் காட்டிய ஆய்வு உண்டு. ஆனால் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். வேறு மருந்து தொடராமல் பாதியில் நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கரைந்து, முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்குகிற ஆபத்து இருக்கிறது. எங்கள் டாக்டர் கேட்டார், "ஆறு மாசம்னா ஆறு மாசம், உங்களால முடியுமா?" அறுவடை, பள்ளித் தேர்வு, அம்மாவின் உடம்பு எல்லாவற்றையும் யோசித்து, ட்ரிப்பே போதும் என்றோம். எங்கள் வீட்டுக்கு அது சரி, உங்கள் வீட்டுக்கு வேறாக இருக்கலாம்.

இன்னொன்று. அடிபட்ட புதிதில் கால்சியம் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எலும்பிலிருந்து கரைகிற கால்சியம் ஏற்கெனவே சிறுநீர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். ட்யூப் போட்டவர்களுக்குக் கல் சேர அதுவே போதும். சின்ன வயசுக்காரர்களுக்கு ரத்தத்திலேயே கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம் என்று வருவதுண்டு. டெஸ்ட் பார்த்து டாக்டர் சொன்னால் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது எதிர்பார்க்காத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். தம்பியின் காலுக்கு வந்த அதே பிரச்சினை விண்வெளி வீரர்களுக்கு! எடை இல்லாத இடத்தில் மிதப்பவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைந்தது. முதலில் கொடுத்த உடற்பயிற்சிக் கருவிகளில் போதுமான பளு இல்லை. 2008-இல் புதிய கருவி ஒன்றை மேலே அனுப்பினார்கள். அங்கே இரும்புக் குண்டுக்கு எடை கிடையாது அல்லவா, அதனால் வெற்றிட உருளைகளை வைத்து சுமார் 270 கிலோ வரை எதிர்விசை தருகிற மாதிரி செய்தார்கள். அதில் தோளில் பாரம் ஏற்றி உட்கார்ந்து எழுந்தவர்கள், நன்றாகச் சாப்பிட்டு வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டவர்கள், எலும்பைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு ஆய்வில் உடற்பயிற்சியோடு வாரம் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட்டும் கொடுத்தார்கள், இடுப்பு எலும்பு குறையவில்லை. நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கிற அதே மாத்திரை. இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நானும் அஸ்ட்ரோநாட்தான்க்கா" என்று ரொம்ப நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தான்.

2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 17 விண்வெளி வீரர்களைப் பூமிக்குத் திரும்பி ஒரு வருஷம் கழித்தும் அளந்திருக்கிறார்கள். நடந்து, ஓடி, எல்லாம் செய்த பிறகும் பலருக்குக் கெண்டைக்கால் எலும்பு பழைய நிலைக்கு வரவில்லை. நடக்கிறவர்களுக்கே இப்படி என்றால், காத்திருந்து பார்க்கலாம் என்று தண்டுவடம் அடிபட்டவரை எப்படி விட முடியும்?

தினமும் காலை மடக்கி நீட்டி விடுகிறோமே, அது போதாதா என்று கேட்பார்கள். மூட்டு இறுகாமல் இருக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் எலும்புக்கு அதில் பளுவே இல்லை. ஸ்டாண்டிங் ஃபிரேமில் நிற்க வைப்பது மலம் கழிக்க, துடிப்பு குறைய, மனசுக்கு நல்லது. தம்பி இன்றும் நிற்கிறான். ஆனால் நிற்பதால் மட்டும் எலும்பு தங்கும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. எலும்பின் மேல் மிகப் பெரிய விசையைச் செலுத்துவது அதன் மேல் இருக்கும் தசை. அந்தத் தசையை மின்சாரத்தால் சுருங்க வைத்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவில் அயோவாவில் ஒரே ஆளின் ஒரு காலுக்கு மட்டும் வருஷக்கணக்கில் இந்தப் பயிற்சி கொடுத்து, மற்ற காலை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற காலில் கணுக்காலருகே உள் எலும்பு சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. டென்மார்க்கில் மின்தூண்டல் சைக்கிளை வாரம் மூன்று முறை ஒரு வருஷம் மிதிக்க வைத்ததில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு 10 சதவீதம் கூடியது. வாரம் ஒருமுறை என்று குறைத்ததும் கூடியதெல்லாம் போய்விட்டது. 1997-இலேயே வெளிவந்த ஆய்வு இது. அந்த சைக்கிள் எங்கள் பக்கம் கிடைப்பது கஷ்டம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி சின்ன ஸ்டிமுலேட்டரை வைத்துத் தொடைத் தசைக்குக் கொடுக்கிறோம். ஏற்கெனவே மெலிந்த எலும்பில் பலமாகக் கொடுத்தால் அதுவே உடைக்கும். டாக்டர் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்து படுத்திருக்கும் வயதானவர்கள் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அவர்களுடைய தசை ஓரளவாவது சொன்னால் கேட்கும். பெர்லினில் 20 இளைஞர்களை 56 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது, படுத்தபடியே அதிரும் தட்டை உதைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு எலும்பு இழப்பு குறைந்தது. பாட்டி வலிக்கிறது என்பார், பாவம் என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், பிடித்துக்கொண்டாவது நிற்க வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தம்பி வீல்சேருக்கு மாறும் முன் இரண்டு பாதத்தையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாறுவான். பேன்ட் போடும்போது காலை முறுக்குவதில்லை. தினமும் குளித்ததும் இரண்டு முழங்காலையும் தடவிப் பார்ப்பான். வீக்கம், சூடு, திடீர்த் துடிப்பு எது வந்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல் விடுவதில்லை.

உடுமலையில் கட்டட சாரத்திலிருந்து விழுந்த ஒரு பையனின் அம்மா, அவன் வார்டில் இருக்கும்போதே கூப்பிட்டார். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினேன்: இடுப்புக்கு டெக்ஸா, வைட்டமின் டி, கிட்னி டெஸ்ட், ட்ரிப் போடலாமா, எப்போது. அந்த அம்மா தயங்காமல் ரவுண்ட்ஸில் அந்தத் தாளை நீட்டிவிட்டார். டாக்டர் கோபப்படவில்லை. டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், இரண்டாம் மாதமே ட்ரிப் போட்டாயிற்று.

தம்பிக்கு அடுத்த ட்ரிப் தள்ளிப் போயிருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு, அதனால் பல் வேலையை முதலில் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஈறு ஆறியதும் ட்ரிப் போடுவார்கள்.